உங்கள் போனை ஒட்டுக் கேட்பது யார்? வணிகர் அறிய வேண்டிய பூட்டும் சட்டமும்



கே.கே. நகர் முனுசாமி சாலைப் பக்கம் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் நம் நண்பர் ஒருவர், சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் காலை கடையைத் திறக்காமலே நேராக என் மண்டிக்கு வந்துவிட்டார். முகத்தில் தூக்கம் இல்லை. முந்தின நாள் இரவு ஷட்டரை இறக்கும் நேரத்தில் அவருடைய வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அழைப்பு வந்திருக்கிறது. போலீஸ் உடுப்பில் ஒருவர். பின்னால் சுவரில் பெரிய முத்திரை. “உங்கள் போனை இரண்டு மாதமாக ஒட்டுக் கேட்டு வருகிறோம். எல்லாம் பதிவாகியிருக்கிறது. அழைப்பைத் துண்டித்தால் உடனே கைது” என்று மிரட்டியிருக்கிறார். ஒன்றரை மணி நேரம் நம் நண்பர் கல்லாப் பெட்டிக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தார். சாப்பிட வரவில்லையே என்று தேடி வந்த அவருடைய கல்லூரியில் படிக்கும் மகள்தான் போனைப் பிடுங்கி அணைத்தாள். பணம் போகவில்லை, அது அவருடைய அதிர்ஷ்டம்.

“அண்ணாச்சி, அவன் ஏமாத்துக்காரன்னு இப்போ புரியுது. ஆனா அவன் சொன்னதை நான் ஏன் நம்பினேன்னு கேளுங்க. ரெண்டு மாசமா நான் போன்ல என்னென்ன பேசியிருப்பேன்னு மனசு ஓட ஆரம்பிச்சிடுச்சு. தப்பு ஒண்ணும் பண்ணலை. கடன் கேட்டிருக்கேன், விலை பேசியிருக்கேன், பொண்ணு கல்யாணத்துக்கு நகை சேர்க்கிறதைப் பத்திப் பேசியிருக்கேன். நிஜமாவே இதையெல்லாம் ஒருத்தன் கேட்க முடியுமா?”

அவர் கேட்ட கேள்வி நம் எல்லோருடைய கேள்வியும்தான். பி.டி. ராஜன் சாலையிலும் அண்ணா மெயின் ரோட்டிலும் இன்று ஆர்டர் எடுப்பது போனில், கொள்முதல் பேசுவது போனில், பணம் வாங்குவது போனில். அந்தப் போனை யார் கேட்கலாம், எப்போது கேட்கலாம், பூட்டிய போன் என்றால் என்ன, அந்தப் பூட்டுக்கு அரசாங்கம் ஒரு மாற்றுச் சாவி கேட்பது நியாயமா என்ற விஷயங்களைப் படித்தும், தெரிந்தவர்களைக் கேட்டும் தொகுத்ததே இக்கட்டுரை.

துண்டுக்குள் பேசிய விலை

இரகசியம் என்றாலே குற்றம் என்று நினைப்பவர்கள் வியாபாரம் அறியாதவர்கள். நம் மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைத் தொட்டு விலை பேசும் வழக்கம் உண்டு. சுற்றி நூறு பேர் நின்றாலும் விலை இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஜவுளிக்கடையிலும் பாத்திரக்கடையிலும் சரக்கின் மேல் ஒட்டிய சீட்டில் கொள்முதல் விலையை எழுத்துக் குறியாக எழுதி வைப்பார்கள். பத்து எண்களுக்குப் பத்து எழுத்து. முதலாளிக்கும் மூத்த விற்பனையாளருக்கும் மட்டும் அதன் பொருள் தெரியும். இன்றைக்கு என்கிரிப்ஷன் என்று சொல்லப்படும் மறையாக்கத்தின் தத்துவமும் இதுவே. செய்தி எல்லோர் கண்ணிலும் படலாம், பொருள் மட்டும் உரியவனுக்கே விளங்க வேண்டும்.

டெலிபோன் வந்த பிறகு இந்தத் துண்டு விலகிவிட்டது. ட்ரங்க் கால் போட்டு விருதுநகருக்கும் ஈரோட்டுக்கும் விலை கேட்ட காலத்தை நம் மூத்த உறுப்பினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நடுவில் ஆபரேட்டர் இருப்பார் என்று தெரிந்தேதான் பேசினோம். பின்னர் எஸ்.டி.டி. வந்தது, செல்போன் வந்தது. நடுவில் ஆள் இல்லை என்ற தைரியம் வந்தது. ஆனால் ஆள் போனாலும் நடுவில் நிலையம் இருக்கிறது. சாதாரண செல்போன் அழைப்பு உங்கள் கைப்பேசியிலிருந்து டவர் வரை காற்றில் போகும்போது மட்டுமே மறைக்கப்படுகிறது. கம்பெனியின் எக்ஸ்சேஞ்சுக்குள் போனதும் அது திறந்த பேச்சுதான். சட்டப்படியான ஒட்டுக்கேட்பு நடப்பது அங்கேதான். ஆகவே உங்கள் லைனில் “கடகட” என்று சத்தம் வருவதால் யாரோ கேட்கிறார்கள் என்று எண்ண வேண்டாம். முறைப்படி கேட்பவர்கள் கேட்டால் ஒரு சத்தமும் வராது.

சட்டம் திறந்து வைத்த வாசல்

இந்தியாவில் போனை ஒட்டுக் கேட்க அரசுக்கு நெடுங்காலம் அதிகாரம் தந்து வந்தது 1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம். அதன் 5(2)ஆம் பிரிவின்படி முதலில் இரண்டு நிலைமைகளில் ஒன்று இருந்தாக வேண்டும்: பொது நெருக்கடி, அல்லது பொதுமக்கள் பாதுகாப்பு. அதற்கு மேல் நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், அரசின் பாதுகாப்பு, அயல்நாடுகளுடன் நட்புறவு, பொது ஒழுங்கு, குற்றம் செய்யத் தூண்டுவதைத் தடுத்தல் ஆகிய காரணங்களில் ஒன்று வேண்டும். இரண்டு படிகளையும் தாண்டினால்தான் வாசல் திறக்கும்.

நடைமுறையில் வாசல் எப்படித் திறந்து கிடந்தது என்பது 1990-91இல் அம்பலமாயிற்று. அரசியல் தலைவர்களின் டெலிபோன்கள் ஒட்டுக் கேட்கப்பட்டதைப் பற்றி சி.பி.ஐ. விசாரித்த விவரம் பத்திரிகையில் வெளிவந்தது. மக்கள் சிவில் உரிமைக் கழகம் 1991இல் உச்ச நீதிமன்றம் சென்றது. 1996 டிசம்பர் 18 அன்று நீதிபதிகள் குல்தீப் சிங், சாகிர் அகமது ஆகியோர் தீர்ப்பளித்தனர். வீட்டிலோ அலுவலகத்திலோ ஒருவர் தனிமையில் டெலிபோனில் பேசுவது அவருடைய அந்தரங்க உரிமையைச் சேர்ந்தது, சட்டம் வகுத்த முறையில் அன்றி அதில் தலையிடக் கூடாது என்பது அதன் சாரம்.

நீதிமன்றம் முறைகளையும் வகுத்தது. மத்திய அல்லது மாநில உள்துறைச் செயலாளரே உத்தரவிட வேண்டும். உத்தரவு இரண்டு மாதத்துக்குச் செல்லும். நீட்டித்தாலும் மொத்தம் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது. ஒரு மறுஆய்வுக் குழு ஒவ்வொரு உத்தரவையும் சரிபார்க்க வேண்டும். தேவை முடிந்ததும் பிரதிகளை அழிக்க வேண்டும். இவை 2007இல் 419-ஏ என்ற விதியாக முழு வடிவம் பெற்றன. 1885ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2023இல் தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. ஒட்டுக்கேட்பு பற்றிய அதன் 20ஆம் பிரிவு 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் புதிய விதிகளும் வெளியாயின. பழைய இரண்டு நிலைமைகளும் ஐந்து காரணங்களும் புதிய சட்டத்திலும் தொடர்கின்றன. அனுமதியின்றி ஒட்டுக் கேட்பவருக்கு மூன்றாண்டு வரை சிறையும், இரண்டு கோடி ரூபாய் வரை அபராதமும் விதிக்க அச்சட்டத்தில் இடமுண்டு.

இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு வாசலும் உண்டு. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவு, கணினி வழியாகவும் கைப்பேசி வழியாகவும் போகும் தகவல்களைப் பற்றியது. இது அகலமான வாசல். எந்தக் குற்றத்தின் புலனாய்வுக்காகவும் தகவலை இடைமறிக்கலாம், மறையாக்கத்தை அவிழ்த்துத் தரச் சொல்லலாம். உதவ மறுத்தால் ஏழாண்டு வரை சிறை. இதன்கீழ் 2018 டிசம்பர் 20 அன்று மத்திய உள்துறை பத்து அமைப்புகளுக்கு அதிகாரம் அளித்தது. அந்தப் பட்டியலில் புலனாய்வு அமைப்புகளுடன், மத்திய நேரடி வரிகள் வாரியமும், வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகமும், அமலாக்கத் துறையும் இருப்பதை வணிகர்கள் கவனிக்க வேண்டும். ஒட்டுக்கேட்பு தீவிரவாதிகளுக்கும் அரசியல்வாதிகளுக்கும் மட்டுமே உரிய சங்கதி என்று நாம் இருந்துவிட முடியாது.

சென்னையிலிருந்து ஒரு தீர்ப்பு

இதற்கு நல்ல உதாரணம் நம் சென்னையிலேயே இருக்கிறது. 2011 ஆகஸ்ட் 12 அன்று மத்திய உள்துறை ஓர் உத்தரவு பிறப்பித்தது. சென்னைக் கம்பெனி ஒன்றின் நிர்வாக இயக்குநருடைய கைப்பேசியை ஒட்டுக் கேட்க அனுமதித்த உத்தரவு அது. வருமான வரி அதிகாரி ஒருவருக்கு 50 லட்சம் ரூபாய் லஞ்சம் தரப்பட இருந்ததாக சி.பி.ஐ. அந்த மாதக் கடைசியில் வழக்குப் பதிவு செய்தது. அந்த உத்தரவை எதிர்த்த மனு மீது 2025 ஜூலை 2 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பளித்து, உத்தரவை ரத்து செய்தார்.

அவர் சொன்னது இதுதான். பொது நெருக்கடியோ பொதுமக்கள் பாதுகாப்போ சாதாரண மனிதன் கண்ணுக்கே தெரியக்கூடிய நிலைமையாக இருக்க வேண்டும். வரி ஏய்ப்புக்கான லஞ்சப் புகார் அந்த நிலைமை ஆகாது. குற்றத்தைக் கண்டுபிடிப்பதற்காக இரகசியமாக ஒட்டுக் கேட்க அந்தச் சட்டம் இடம் தரவில்லை. அப்படி இடம் தர வேண்டுமென்றால் நாடாளுமன்றம்தான் சட்டம் செய்ய வேண்டும். மேலும், ஒட்டுக் கேட்டவை மறுஆய்வுக் குழுவின் முன் வைக்கப்படவும் இல்லை. ஆகவே அந்தப் பேச்சுப் பதிவுகளைச் சாட்சியமாகப் பயன்படுத்தக் கூடாது. ஒட்டுக்கேட்பைச் சாராமல் தனியாகச் சேகரித்த சாட்சியம் இருந்தால் அதை விசாரணை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளலாம் என்றும் அவர் தெளிவுபடுத்தினார்.

இதை வைத்து லஞ்சம் கொடுத்தவன் தப்பித்தான் என்று சொல்வது சரியல்ல. வீடு புகுந்து சோதனை போடுவதற்கு எப்படி ஒரு முறை இருக்கிறதோ, அப்படியே காது புகுவதற்கும் ஒரு முறை இருக்கிறது என்பதே தீர்ப்பின் பொருள். ஆனால் எல்லா நீதிமன்றங்களும் ஒரே குரலில் பேசவில்லை. அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான், 2025 ஜூன் கடைசியில், தில்லி உயர் நீதிமன்றம் பெரிய ஒப்பந்தம் ஒன்றின் லஞ்ச வழக்கில் ஒட்டுக்கேட்பை ஏற்றுக்கொண்டது. பெருந்தொகை சம்பந்தப்பட்ட ஊழல் பொதுமக்கள் பாதுகாப்பைத் தொடும் என்பது அதன் கருத்து. ஒரே சட்டம், ஒரே வாரம், இரண்டு தீர்ப்பு! 2019இல் பம்பாய் உயர் நீதிமன்றமோ ஒரு தொழிலதிபர் வழக்கில் சென்னைத் தீர்ப்பைப் போலவே ஒட்டுக்கேட்பு உத்தரவுகளை ரத்து செய்திருந்தது.

பூட்டிய போன் எப்படி வேலை செய்கிறது?

வாட்ஸ்அப் 2016 ஏப்ரலில் தன் எல்லாப் பேச்சுக்கும் செய்திக்கும் முனைக்கு முனை மறையாக்கத்தைக் கொண்டுவந்தது. இதை நம் கடை பாஷையில் சொல்கிறேன். உங்களிடம் சரக்கு அனுப்ப விரும்புகிறவர்களுக்கெல்லாம் நீங்கள் திறந்த நிலையில் ஒரு பூட்டைக் கொடுத்து வைத்திருக்கிறீர்கள். அவர் சரக்கைப் பெட்டியில் வைத்து அந்தப் பூட்டை அமுக்கிவிடுகிறார். அமுக்கிய பிறகு அவராலேயே திறக்க முடியாது. லாரி ஆபீஸ், குடோன், டிரைவர் என்று எத்தனை கை மாறினாலும் பெட்டி திறக்காது. சாவி உங்கள் இடுப்பில் மட்டும் இருக்கிறது. போனில் அந்தச் சாவி கைப்பேசிக்குள்ளேயே உருவாகி, அங்கேயே இருக்கிறது. லாரி ஆபீஸ்காரரான கம்பெனியிடம் சாவி கிடையாது. அரசாங்கம் கேட்டாலும் பூட்டிய பெட்டியைத்தான் அவர் காட்ட முடியும். யார் யாருக்கு எப்போது அனுப்பினார் என்ற லாரி ரசீது மட்டும் அவரிடம் இருக்கும். போலீசார் பல வழக்குகளில் அந்த ரசீதை வைத்தே துப்புத் துலக்குகிறார்கள்.

சட்டம் ஒரு காலத்தில் இத்தனை பலமான பூட்டை அனுமதிக்கவே இல்லை. 1990களின் பிற்பகுதியில் இன்டர்நெட் சேவைக்கு உரிமம் தந்தபோது, அனுமதி பெறாமல் 40 பிட்டுக்கு மேற்பட்ட சாவியைப் பயன்படுத்தக் கூடாது என்று நிபந்தனை வைத்தார்கள். அதே நேரம் 2001இல் இன்டர்நெட் வங்கிச் சேவைக்கு ரிசர்வ் வங்கி 128 பிட் பாதுகாப்பு வேண்டும் என்றது. ஒரு கை சின்னப் பூட்டு போடு என்றது. மறு கை பெரிய பூட்டு போடாவிட்டால் கடையைத் திறக்காதே என்றது. 2015 செப்டம்பரில் மத்திய அரசு வெளியிட்ட மறையாக்கக் கொள்கை வரைவு இன்னும் வேடிக்கையானது. பூட்டி அனுப்பிய செய்திகளின் திறந்த பிரதியைத் தனிநபரும் வணிக நிறுவனங்களும் 90 நாள் வைத்திருந்து, கேட்டால் காட்ட வேண்டும் என்றார்கள். நாடு முழுவதும் எதிர்ப்பு கிளம்ப, செப்டம்பர் 22 அன்றே அது திரும்பப் பெறப்பட்டது. மளிகைக் கடைக்காரர் மூன்று மாத வாட்ஸ்அப் செய்தியைப் பேரேடு போலக் காத்து வைக்க வேண்டிய நிலைமை அப்படித் தவிர்ந்தது.

இரண்டாவது சாவி

இப்போது சர்ச்சையின் மையத்துக்கு வருவோம். பூட்டு இருக்கட்டும், அரசிடம் மட்டும் இரண்டாவது சாவி ஒன்று இருக்கட்டும் என்பது காவல் துறையின் வாதம். உலகம் இதை முதலில் பெரிய அளவில் விவாதித்தது 1993இல். அமெரிக்காவில் கிளிண்டன் அரசு கிளிப்பர் என்ற சில்லை அறிமுகப்படுத்தியது. மறையாக்க டெலிபோன்களில் அதைப் பொருத்த வேண்டும். ஒவ்வொரு சில்லின் சாவியும் இரண்டு பாதியாக இரண்டு அரசு அமைப்புகளிடம் இருக்கும். நீதிமன்ற அனுமதியோடு இரண்டையும் சேர்த்துத் திறக்கலாம் என்றது திட்டம். மறு ஆண்டே மேட் பிளேஸ் என்ற ஆராய்ச்சியாளர், அரசுக்கான அந்த வாசலை ஏமாற்றிவிட்டு சில்லைப் பயன்படுத்த முடியும் என்று காட்டிவிட்டார். வாங்க ஆளில்லாமல் திட்டம் மடிந்தது.

நம் நாட்டில் இந்தப் பிரச்சினை பிளாக்பெர்ரி போனோடு வந்தது. 2010 ஆகஸ்ட் மாத இறுதிக்குள் செய்திகளைப் பார்க்க வழி செய்யாவிட்டால் சேவை நிறுத்தப்படும் என்று மத்திய அரசு கெடு வைத்தது. நீண்ட இழுபறிக்குப் பின் கம்பெனி மும்பையில் சர்வர் வைத்தது. சாதாரண வாடிக்கையாளர் சேவைகளில் ஒத்துழைக்க இணங்கியது. பெரிய கம்பெனிகள் சாவியைத் தங்களிடமே வைத்திருக்கும் சேவைக்கு மட்டும் திறக்கும் வழி கிடைக்கவில்லை. இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. பெரிய கம்பெனிக்கு முழுப் பூட்டு, சில்லறை வாடிக்கையாளருக்கு அரைப் பூட்டு என்றே பேரம் முடிந்தது.

அடுத்த கட்டம் நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்தது. 2018இல் சமூக வலைத்தளக் கணக்குகளை ஆதாருடன் இணைக்கக் கோரித் தொடங்கிய வழக்கு, ஒரு வதந்தியை வாட்ஸ்அப்பில் முதலில் அனுப்பியவர் யார் என்று கண்டுபிடிக்க முடியுமா என்ற கேள்வியாக மாறியது. முடியும், ஒவ்வொரு செய்தியோடும் முதலில் அனுப்பியவரின் அடையாளத்தைச் சேர்த்து அனுப்பலாம் என்று 2019இல் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் வி. காமகோடி யோசனை அளித்தார். அதை எளிதில் போலி செய்யலாம், நிரபராதி மாட்டிக்கொள்வான் என்று மும்பை ஐ.ஐ.டி. பேராசிரியர் மனோஜ் பிரபாகரன் எதிர்வாதம் வைத்தார். வழக்கு பின்னர் உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. 2021 பிப்ரவரியில் வந்த மத்திய அரசின் விதிகள், 50 லட்சத்துக்கு மேல் பயனாளிகள் உள்ள செய்திச் சேவைகள், உத்தரவு வந்தால் முதலில் அனுப்பியவரைக் காட்ட வேண்டும் என்றன. அந்த மே மாதமே வாட்ஸ்அப் தில்லி உயர் நீதிமன்றம் சென்றது. பூட்டை உடைக்கச் சொன்னால் இந்தியாவை விட்டே போக வேண்டியிருக்கும் என்று அதன் வழக்கறிஞர் 2024 ஏப்ரலில் நீதிமன்றத்தில் சொன்னார்.

நல்லவர் கையில் மட்டும் இருக்கும் சாவி என்று ஒன்று உண்டா? கடை வைத்திருக்கும் நமக்கு இதன் பதில் தெரியும். ஷட்டருக்கு இரண்டாவது சாவி செய்தால், அதை யார் வைத்திருக்கிறார் என்பதோடு, எங்கே வைத்திருக்கிறார், அதைப் பார்த்து இன்னொன்று செய்துகொண்டது யார் என்பதும் கவலைதான். கிரேக்க நாட்டில் 2004-05இல் இது நடந்தது. வோடபோன் கம்பெனியின் எக்ஸ்சேஞ்சில், சட்டப்படியான ஒட்டுக்கேட்புக்காக வைத்திருந்த வசதியை யாரோ கள்ளத்தனமாக முடுக்கிவிட்டு, பிரதமர் உள்பட நூறு பேருக்கு மேற்பட்டவர்களின் பேச்சை மாதக் கணக்கில் கேட்டார்கள். 2024இல் அமெரிக்காவிலும் இதுவே நடந்தது. சீனாவைச் சேர்ந்தவர்கள் என்று குற்றம் சாட்டப்பட்ட ஊடுருவிகள் பெரிய டெலிபோன் கம்பெனிகளுக்குள் புகுந்து, நீதிமன்ற உத்தரவுப்படி ஒட்டுக் கேட்கும் அமைப்புவரை எட்டிவிட்டார்கள். அந்த டிசம்பரில் அமெரிக்க அதிகாரிகளே தங்கள் மக்களுக்கு, மறையாக்கம் உள்ள செயலிகளில் பேசுங்கள் என்று ஆலோசனை சொன்னார்கள். முப்பது ஆண்டுகளாக மாற்றுச் சாவி கேட்ட அரசாங்கத்தின் வாயிலிருந்தே வந்த ஆலோசனை அது!

மறுபக்கமும் உண்டு

காவல் துறை சொல்வதில் நியாயமே இல்லை என்று நாம் சொல்லிவிடக் கூடாது. மாமூல் கேட்டு மிரட்டும் ரவுடி வாட்ஸ்அப்பில்தான் பேசுகிறான். நம் ஹார்டுவேர் நண்பரை மிரட்டியவனும் பூட்டிய போனில்தான் வந்தான். நமக்குப் பாதுகாப்பான அதே பூட்டு அவனுக்கும் பாதுகாப்பு. வணிகர் சங்கத்துக்காரர்களே இதை மறந்தால் நாளைக்கு எந்த முகத்தோடு காவல் நிலையத்துக்குப் புகார் கொண்டு போவது?

ஆனால் கொஞ்சம் யோசித்துப் பார்த்தால், அந்த மிரட்டலைத் துப்புத் துலக்க இரண்டாவது சாவி தேவைப்படவில்லை. பேசியவர்களில் ஒருவர் நம் நண்பர். அவருடைய போனில் எண் இருக்கிறது, நேரம் இருக்கிறது, அனுப்பிய போலி நோட்டீஸ் இருக்கிறது. அவர் தானாகவே கொண்டுபோய்க் கொடுக்கலாம். பணம் போயிருந்தால் அது எந்தக் கணக்குக்குப் போனது என்று வங்கி சொல்லும். பெட்டி வந்து சேர்ந்த இடத்தில் அது திறந்துதான் இருக்கிறது.

இதே காரணத்தால் இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப் பூட்டியிருக்கிறது என்ற தைரியத்தில் பில் இல்லாத வியாபாரத்தை அதில் நடத்துபவர்கள் ஏமாறுகிறார்கள். கைப்பேசி கையில் கிடைத்தால் பூட்டுக்கு வேலையில்லை. வருமான வரிச் சோதனைகளில் கைப்பேசியிலிருந்த மறையாக்கச் செய்திகளை வைத்துக் கணக்கில் வராத கோடிக் கணக்கான ரூபாய் பிடிபட்டதாக 2025 மார்ச்சில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். அந்த ஆண்டு நிறைவேறிய புதிய வருமான வரிச் சட்டம், சோதனையின்போது கணினி, இணையக் கணக்குகளின் பூட்டைத் தாண்டித் திறக்கவும் அதிகாரம் தருகிறது. நேர்மையான வியாபாரிக்குப் பூட்டு காப்பு. கள்ளக் கணக்குக்கு அது காப்பு ஆகாது.

நாம் செய்ய வேண்டியவை

1. “உங்கள் போனை ஒட்டுக் கேட்கிறோம்” என்று எந்த உண்மையான அதிகாரியும் உங்களிடம் சொல்ல மாட்டார். ஒட்டுக்கேட்பு உத்தரவு இரகசியமானது. சொல்பவன் திருடன். டிஜிட்டல் கைது என்று ஒன்று நம் நாட்டுச் சட்டத்தில் கிடையாது. பிரதமரே 2024 அக்டோபரில் வானொலியில் இதைச் சொல்லியிருக்கிறார். உடனே துண்டித்துவிட்டு 1930 என்ற எண்ணுக்குப் புகார் செய்யுங்கள்.

2. கடைப் போன் பல கைகளுக்குப் போகிறது. வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற இடத்தை வாரம் ஒருமுறை பாருங்கள். நீங்கள் அறியாத கம்ப்யூட்டர் ஒன்று அதில் இருந்தால், ஒட்டுக் கேட்பவர் அரசாங்கம் அல்ல, உங்கள் பக்கத்து ஆள்.

3. கூரியர் வந்திருக்கிறது, நட்சத்திரக் குறியும் 401-ம் போட்டு இந்த எண்ணை அழுத்துங்கள் என்று யாராவது சொன்னால் அழுத்தாதீர்கள். உங்களுக்கு வரும் அழைப்புகள் அவனுக்குத் திரும்பிவிடும், ஓ.டி.பி.யும் அவன் காதில் விழும்.

4. வாட்ஸ்அப்பின் ஆறு இலக்க இரகசிய எண்ணைப் போட்டு வையுங்கள். பேக்கப் பிரதிக்குத் தனியாகப் பூட்டுப் போட வேண்டும். அது தானாக விழாது.

5. சோதனைக்கு வருபவரிடம் உத்தரவைக் காட்டும்படி மரியாதையாகக் கேளுங்கள். போனை எடுத்தால் மகஜரில் எழுதச் சொல்லிப் பிரதி வாங்குங்கள். ஒத்துழையுங்கள். ஆனால் முறையும் கேளுங்கள்.

அன்று காலை நம் ஹார்டுவேர் நண்பரிடம் இவற்றில் பாதியைத்தான் என்னால் சொல்ல முடிந்தது. மீதியைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். எல்லாம் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “அப்போ கேட்கிறவன் சொல்ல மாட்டான், சொல்றவன் கேட்கலை. இது தெரிஞ்சிருந்தா நேத்து ராத்திரி சோறாவது தின்னிருப்பேன் அண்ணாச்சி.”

அரசாங்கம் குற்றவாளியைப் பிடிக்கட்டும். அதற்கு நாம் துணை நிற்போம். ஆனால் அது சட்டத்தின் வாசல் வழியாக, உத்தரவோடு, கணக்கோடு வரட்டும். எல்லோர் கடைக்கும் ஒரு மாற்றுச் சாவி செய்து வைத்துக்கொண்டு வர வேண்டாம். நம் சாலையில் இரவு பத்து மணிக்கு இறங்கும் ஒவ்வொரு ஷட்டரையும் பூட்டியபின் இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறோம். போனையும் அப்படி ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத் தூங்கப் போவோம்.